பழைய எஃப்-150 பிக்கப்பில் ஹீட்டர் காற்று போதவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1987 முதல் 1996 வரை வந்த ஃபோர்டு எஃப்-150, எஃப்-250, பிராங்கோ வண்டிகளுக்கானது இந்தப் பக்கம். கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பனி தள்ளவும் விறகு ஏற்றவும் இவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் 4.9 லிட்டர் ஆறு சிலிண்டரோ, 5.0 அல்லது 5.8 வி8-ஓ, ஹீட்டர் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஏசி உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும்தான் ஃபேன் இருக்கும் பெட்டியில் வித்தியாசம். கீழே ‘வலது பக்கம்’ என்று வருவதெல்லாம் பயணி உட்காரும் பக்கம்.

குறைந்திருப்பது காற்றா, சூடா? எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டும் வேறு வேறு கோளாறுகள். இதைப் பிரிக்காமல் வேலையில் இறங்கினால் காசுதான் போகும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சமையலுக்கு வைத்திருக்கும் ஒரு தெர்மாமீட்டரை நடு வென்ட்டுக்குள் நுழைத்து, வெப்பநிலை லீவரை முழுச் சூட்டுக்குத் தள்ளி, ஃபேனை நடு வேகத்தில் வையுங்கள். 50 முதல் 60 பாகை செல்சியஸ் காட்டினால் சூட்டில் குறை இல்லை, காற்றுதான் குறைவு. கடுங்குளிரில் கொஞ்சம் குறைத்துக் காட்டும், அது பரவாயில்லை.

காற்று வேகமாக வந்து வெதுவெதுப்பாகவே இருந்தால் கூலன்ட் மட்டம், தெர்மோஸ்டாட், ஹீட்டர் கோர் (சூடான கூலன்ட் ஓடிக் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்), பிளெண்ட் கதவு (சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் கதவு) ஆகியவற்றைப் பாருங்கள். இந்த எஞ்சின்களுக்கு உரிய தெர்மோஸ்டாட் சுமார் 90 பாகையில் திறப்பது. ‘எஞ்சின் குளிர்ச்சியாக ஓடட்டும்’ என்று முந்தைய சொந்தக்காரர் 70 பாகை தெர்மோஸ்டாட் போட்டிருந்தால் குளிர்காலத்தில் ஹீட்டர் சுடவே சுடாது.

காற்று குறைவு என்றால் புளோவர் மோட்டாரை மாற்றிவிடலாமா?

ஃபேனைச் சுற்றும் மோட்டார்தான் புளோவர் மோட்டார். பெரும்பாலோர் செய்வது அதுதான், பெரும்பாலும் வீண் செலவும் அதுதான். முதலில் சத்தத்தைக் கேளுங்கள். எஞ்சினை அணைத்து, சாவியை ஆன் நிலையில் வைத்து, ஃபேனை உச்ச வேகத்துக்குக் கொண்டுபோங்கள்.

மோட்டார் கீச்சென்று உயர்ந்த சுருதியில் சுற்றுகிறது, வென்ட்டில் காற்று மட்டும் மெலிதாக வருகிறது என்றால் மோட்டார் நலம். காற்று போகும் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. உருளைக் கூண்டு வடிவ ஃபேனின் இயல்பு இது: காற்றைத் தள்ளும்போதுதான் அதற்குச் சுமை. வழியை அடைத்துவிட்டால் சுமை குறைந்து இன்னும் வேகமாகச் சுற்றும், கரன்ட்டும் குறைவாகவே இழுக்கும். வாக்குவம் கிளீனரின் வாயைக் கையால் பொத்தினால் மோட்டார் சத்தம் ஏறுவதைக் கேட்டிருப்பீர்கள், அதே கதைதான்.

சத்தமும் மந்தம், காற்றும் மந்தம் என்றால் மோட்டாருக்கு வோல்டேஜ் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டாரே தேய்ந்துவிட்டது. சத்தம் சரியாக இருந்து, கேட்ட வென்ட்டில் மட்டும் காற்று வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் கதவுகள் அல்லது குழாய்கள். இந்த மூன்றில் உங்கள் வண்டி எது என்று முடிவு செய்யும்வரை எதையும் வாங்க வேண்டாம்.

காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது?

முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் இருக்கும் துளையிட்ட பலகைதான் கௌல். வெளிக்காற்று அதன் வலது முனை வழியாக இறங்கி, வலது பக்க ஃபயர்வாலில் (எஞ்சின் அறையையும் கேபினையும் பிரிக்கும் தகடு) எஞ்சின் அறைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியில் உள்ள புளோவருக்கு வரும். ஏசி வண்டியில் அடுத்ததாக, காற்றைக் குளிர்விக்கும் ஏசி பாகமான எவாப்பரேட்டரின் தகடுகளுக்கு இடையே புகுந்து, பிறகு ஃபயர்வாலைக் கடந்து ஹீட்டர் கோருக்குப் போகும். நீங்கள் ஏசியே போடாவிட்டாலும் எவாப்பரேட்டரைத் தாண்டாமல் காற்று உள்ளே வர முடியாது. இதை மறந்துவிடுவதால்தான் பலருக்கு அடைப்பு எங்கே என்று பிடிபடுவதில்லை.

இந்த வழியில் கேபின் ஃபில்டர் கிடையாது. மேப்பிள் விதை, பைன் ஊசி, எலி கொண்டுவரும் சீட் பஞ்சு என்று கௌலில் விழுவதெல்லாம் நேரே ஃபேனுக்கும் எவாப்பரேட்டருக்கும் வந்து சேரும்.

அடைப்பு கௌலிலா, அதற்குப் பின்னாலா? எதையும் கழற்றாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

ஏசி வண்டி என்றால் உண்டு. ஃபேனை உச்சத்தில் வைத்து, தேர்வு லீவரை ‘நார்ம்’ ஏசியிலிருந்து ‘மேக்ஸ்’ ஏசிக்கு மாற்றுங்கள். இரண்டிலும் காற்று டேஷ்போர்டு வென்ட்டுகளுக்கே வரும். ‘நார்ம்’ கௌலிலிருந்து இழுக்கும், ‘மேக்ஸ்’ கேபினுக்குள் இருக்கும் காற்றையே திரும்ப இழுக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

‘மேக்ஸில்’ காற்று திடீரென்று பலமானால் அடைப்பு கௌல் பக்கம். இரண்டிலும் ஒரே மாதிரி மெலிதாக இருந்தால் ஃபேன், எவாப்பரேட்டர், ஹீட்டர் கோர் என்ற வரிசையில் எங்கோ இருக்கிறது. மாற்றும்போது சத்தத்தில் துளியும் மாற்றம் இல்லை என்றால், வெளி-உள் காற்றை மாற்றும் அந்தக் கதவே அசையவில்லை. அதற்கு, காற்று முன் கண்ணாடிக்கே போவது பற்றிய கேள்வியைக் கீழே பாருங்கள்.

ஏசி இல்லாத வண்டிக்கு ஒரு டிஷ்யூ தாள் போதும். ஃபேனை உச்சத்தில் ஓடவிட்டு, கௌலின் வலது முனைத் துளைகள் மேல் தாளை வையுங்கள். உறிஞ்சிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அசையாமல் கிடந்தால் காற்று அந்த வழியாகப் போகவே இல்லை.

இன்னொரு சோதனை வெப்பநிலை லீவரை வைத்து. குளிர்ப் பக்கத்திலிருந்து முழுச் சூட்டுக்கு மெல்லத் தள்ளுங்கள். காற்று கொஞ்சம் குறைவது இயல்பு, ஏனென்றால் இப்போது முழுவதும் ஹீட்டர் கோரின் நெருக்கமான தகடுகள் வழியாகப் போகிறது. ஆனால் பாதிக்குப் பாதி விழுந்தால் கோரின் முகத்தில் குப்பை அப்பியிருக்கிறது.

கௌலை எப்படிச் சுத்தம் செய்வது?

வைப்பர் கைகளைக் கழற்றுவதற்கு முன் கண்ணாடியில் அவை நிற்கும் இடத்தை மாஸ்கிங் டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது கோணம் தவறி ஓரத்தில் இடிக்கும். கௌல் பலகையின் ஸ்க்ரூக்களை எடுத்து, வாஷர் குழாயைக் கழற்றிவிட்டுப் பலகையைத் தூக்குங்கள். பழைய பிளாஸ்டிக் குளிரில் நொறுங்கும். சூடான கராஜிலோ வெயில் நாளிலோ செய்வது நல்லது.

எலிக் கூடு இல்லை என்றால் (இருந்தால் அடுத்த கேள்வியைப் பாருங்கள்), முதலில் கையாலும் வாக்குவம் கிளீனராலும் காய்ந்த குப்பையை எடுங்கள். எடுத்த எடுப்பில் தண்ணீர் பீய்ச்சினால் இலை எல்லாம் சேறாகி, வலது பக்கத் திறப்பு வழியாகப் புளோவருக்குள் இறங்கிவிடும். குப்பை போன பிறகு மட்டும் இரண்டு முனைகளிலும் உள்ள வடிகால்களில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, கீழே சக்கர அறைப் பக்கம் வடிகிறதா என்று பாருங்கள். வடிகால் அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கி, கௌல் தகடு துருப்பிடித்து, மழை பெய்தால் பயணியின் காலடியில் ஈரம் வரும். அந்த ஈரத்தை ஹீட்டர் கோர் கசிவு என்று நினைத்துக் கோரை மாற்றியவர்கள் உண்டு. கூலன்ட் என்றால் இனித்த வாசனையும் வழவழப்பும் இருக்கும், மழைத் தண்ணீருக்கு இரண்டும் இராது.

எலிக் கூடு இருக்கிறது. என்ன கவனம் தேவை?

இதில் அவசரம் வேண்டாம். வட அமெரிக்காவில் மான் எலிகளின் எச்சத்திலும் சிறுநீரிலும் ஹன்டா வைரஸ் இருக்கக்கூடும். காய்ந்த கூட்டைக் கலைக்கும்போது எழும் தூசியை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. அதனால் உலர்ந்த கூட்டைத் துடைப்பத்தால் தட்டவோ வாக்குவம் வைத்து இழுக்கவோ கூடாது. ஃபேனையும் போடக்கூடாது.

ரப்பர் கையுறையும் என்95 முகக்கவசமும் அணிந்து, கதவுகளைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, கூடு நன்றாக நனையும்படி தெளித்து, 10 நிமிடம் ஊறவிட்டு, ஈரமாகவே அள்ளிப் பையில் கட்டுங்கள். பிளீச் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் எவாப்பரேட்டர், ஹீட்டர் கோர் தகடுகளில் அதைத் தெளிக்காமல் வேறு கிருமிநாசினியைப் பயன்படுத்துங்கள். மற்ற இடங்களையும் பிறகு ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

எலி வயர்களையும் கடித்திருக்கும். கூடு இருந்த இடத்தைச் சுற்றி இன்சுலேஷன் போன கம்பி இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்காமல் மூடாதீர்கள்.

எவாப்பரேட்டர் அடைத்திருப்பதை எப்படிப் பார்ப்பது? ஏசி கேஸை வெளியேற்ற வேண்டுமா?

வேண்டாம். புளோவர் பெட்டியில் இரண்டு ஸ்க்ரூக்களில் நிற்கும் ரெசிஸ்டரை (ஃபேன் வேகத்தைக் குறைக்கும் மின் பாகம்) கழற்றினால் ஒரு திறப்பு கிடைக்கும். அதன் வழியாகப் போனில் மாட்டும் மலிவான எண்டோஸ்கோப் கேமராவை விட்டுப் பாருங்கள். மோட்டாரைக் கழற்றினால் இன்னும் பெரிய திறப்பு, கையே போகும்.

ஏசி ஓடும்போது எவாப்பரேட்டர் ஈரமாகிறது, ஃபேன் அடிக்கும் தூசி அந்த ஈரத்தில் ஒட்டுகிறது, அதன் மேல் இலைத் துகள் படிகிறது. பல வருடம் இப்படியே போனால் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு மாதிரி தகடு முழுக்க மூடிவிடும். அதைப் பிய்த்து எடுத்தாலே காற்று திரும்பிவிடும்.

மென்மையான பிரஷ்ஷால் தகடுகளின் நீளவாக்கில் மட்டும் வருடி, ஒல்லி முனை வாக்குவத்தால் உறிஞ்சுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடுகள் மடங்கி அடைப்பு இன்னும் மோசமாகும். ஏர் கம்ப்ரஸரை ஃபேன் பக்கமிருந்து அடிக்காதீர்கள், குப்பை தகடுகளுக்குள் ஆழமாகப் போய்ச் செருகும். பெரும் குப்பை போன பிறகு எவாப்பரேட்டர் சுத்தம் செய்யும் நுரை ஒரு டின் அடித்து, பெட்டிக்குக் கீழே உள்ள வடிகால் முனையை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். கறுப்புத் தண்ணீர் அதன் வழியாக வடிய வேண்டும்.

இதற்கும் மேல் பெட்டியைப் பிரிக்க வேண்டி வந்தால் ஏசி குழாய்களைக் கழற்ற வேண்டிவரும். கேஸை வெளியே திறந்துவிடுவது கனடாவிலும் அமெரிக்காவிலும் சட்டவிரோதம். உரிய கருவி உள்ள கடையில் முதலில் இழுத்தெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

புளோவர் மோட்டாரைக் கழற்றினால் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டு, மோட்டார் கனெக்டரையும், மோட்டார் உடலுக்கும் பெட்டிக்கும் இடையே போகும் சின்ன ரப்பர் குழாயையும் கழற்றுங்கள். சுற்றியுள்ள ஸ்க்ரூக்களை எடுத்தால் மோட்டாரும் கூண்டும் சேர்ந்தே வெளியே வரும். ஸ்க்ரூக்களுக்கு 8 மில்லிமீட்டர் சாக்கெட் பொருந்தும். பழைய சீலன்ட் பிடித்துக்கொண்டால் நெம்பாமல் மெல்லத் திருகி எடுங்கள்.

அந்த ரப்பர் குழாய் மோட்டாருக்குக் குளிர்காற்று தருவது. முன்பு யாரோ தூக்கியெறிந்திருந்தால் புதுக் குழாய் போடுங்கள். அது இல்லாமல் மோட்டார் சூடேறி அற்பாயுசில் போய்விடும்.

கூண்டின் இதழ்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதழின் குழிவில் தூசி படிந்து நிரம்பினாலே காற்று கணிசமாகக் குறையும், வெளிப் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் போதும். ஒரு பக்கம் மட்டும் தூசியை விட்டுவைத்தால் எடை மாறி அதிரும்.

அடுத்தது ஷாஃப்டில் கூண்டின் பிடிப்பு. மோட்டாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கூண்டை மறு கையால் திருப்பினால் ஷாஃப்டும் கூடவே வர வேண்டும். கிளிப் தளர்ந்து கூண்டு வழுக்கினால் மோட்டார் முழு வேகத்தில் ஓடும், கூண்டு பாதி வேகத்தில் சுற்றும். கூண்டு பெட்டியின் வாய்க்கு அருகில் சரியான ஆழத்தில் நிற்பதும் முக்கியம். பழைய கூண்டைப் புது மோட்டாருக்கு மாற்றும் முன் மோட்டார் தட்டிலிருந்து அதன் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அரை அங்குலம் தள்ளிப் போனாலும் தள்ளிய காற்று வாய் வழியாகத் திரும்பக் கசியும்.

திரும்பப் பூட்டும்போது மோட்டார் தட்டைச் சுற்றிப் பியூட்டைல் நாடாவோ மூடிய துளை ஃபோம் நாடாவோ ஒட்டுங்கள். அங்கே இடைவெளி இருந்தால் நீங்கள் காசு கொடுத்துத் தள்ளும் காற்று எஞ்சின் அறைக்குத்தான் போகும்.

புது மோட்டார் போட்டேன். முன்னைவிடக் காற்று குறைந்துவிட்டது. எப்படி?

எதிர்த்திசையில் சுற்றுகிறது. மோட்டாருக்குள் நிலைக் காந்தம் இருப்பதால் இரண்டு கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் திசை மாறிவிடும். ஆனால் கூண்டு ஃபேன் எதிர்த்திசையில் சுற்றினாலும் காற்றை வெளியேதான் தள்ளும், உள்ளே உறிஞ்சாது. அளவுதான் வெகுவாகக் குறையும். வென்ட்டில் காற்று வருகிறதே என்று நினைத்து யாரும் சந்தேகப்படுவதில்லை. சந்தையில் கிடைக்கும் மாற்று மோட்டார்களில் கம்பி நிறம் அசலோடு ஒத்துப்போகும் என்று நம்பாதீர்கள்.

மோட்டாரைப் பூட்டும் முன், கனெக்டரை மாட்டி, கையில் இறுகப் பிடித்து, ஓரிரு விநாடி ஓட்டிப் பழைய மோட்டாரின் திசையோடு ஒப்பிடுங்கள். திறந்த வெளியில் நீண்ட நேரம் ஓட்டக்கூடாது. பெட்டிக்கு வெளியே தடையே இல்லாததால் மோட்டார் வழக்கத்தைவிட அதிகக் கரன்ட் இழுக்கும். திசை தவறு என்றால் கனெக்டரில் இரண்டு பின்களையும் இடம் மாற்றிவிட்டால் முடிந்தது. கூண்டையும் புதிதாக வாங்கியிருந்தால் அதன் இதழ் வளைவு பழையதைப் போலவே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மோட்டார் மந்தமாகத்தான் சுற்றுகிறது. வோல்டேஜ் எங்கே காணாமல் போகிறது?

ஒரு சாதாரண மல்டிமீட்டர் பதில் சொல்லிவிடும். எஞ்சினை ஓடவிட்டு, ஃபேனை உச்சத்தில் வைத்து, கனெக்டர் மாட்டியபடியே பின்பக்கமாக மெல்லிய ஊசி நுழைத்து அளக்க வேண்டும். கழற்றி அளந்தால் சுமை இல்லாததால் துருப்பிடித்த இணைப்புகூட முழு 12 வோல்ட் காட்டி ஏமாற்றும்.

முதலில் பேட்டரியில் அளந்துகொள்ளுங்கள், 14-ஐ ஒட்டி இருக்கும். பிறகு மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே. வித்தியாசம் ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 2 அல்லது 3 வோல்ட் குறைந்தால் அந்த இழப்பைத் தேட வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாஸிட்டிவிலும் மறு முனையை மோட்டாரின் பாஸிட்டிவிலும் வையுங்கள். அது காட்டுவது போகும் வழியின் இழப்பு. அதேபோல மோட்டாரின் நெகட்டிவிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு அளந்தால் திரும்பும் வழியின் இழப்பு. எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் ஒவ்வொரு இணைப்பாக மீட்டரை நகர்த்துங்கள்.

குற்றவாளிகள் பெரும்பாலும் மூவர்: ஃபேன் ஸ்விட்சின் பின்புறக் கனெக்டர், ரெசிஸ்டர் கனெக்டர், துருப்பிடித்த எர்த் ஸ்க்ரூ. 15 ஆம்பியர் ஓடும் இணைப்பில் 2 வோல்ட் விழுந்தால் அங்கே 30 வாட் சூடு பிறக்கிறது. சின்னப் பிளாஸ்டிக் கனெக்டருக்கு அது மிக அதிகம், பழுப்பேறி உருகியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உருகிய கனெக்டரைச் சுரண்டிச் சுத்தம் செய்து பயனில்லை. உள்ளே பின்னின் பிடிப்பு தளர்ந்துவிட்டிருக்கும். அதே தடிமன் கம்பியுள்ள புதுக் கனெக்டரைக் கிரிம்ப் செய்து, சுருங்கு குழாய் போட்டு மூடுங்கள். ஸ்விட்சின் முனை நிறம் மாறியிருந்தால் ஸ்விட்சையும் சேர்த்தே மாற்றுங்கள், பழைய ஸ்விட்ச் புதுக் கனெக்டரையும் உருக்கிவிடும்.

எர்த் ஸ்க்ரூவைக் கழற்றி, தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். சாலை உப்பு அங்கே மறுபடியும் வேலையைக் காட்டாமல் இருக்கும்.

உச்ச வேகம் மட்டும் வேலை செய்கிறது. மற்ற மூன்றும் இல்லை. ஏன்?

ரெசிஸ்டர். குறைந்த வேகங்களுக்கு மட்டும்தான் கரன்ட் அதன் வழியாகப் போகும், உச்ச வேகம் அதைத் தாண்டிப் போய்விடும். அதில் உள்ள வெப்பக் காப்பு ஃப்யூஸ் அறுந்தால் மூன்று வேகமும் ஒரே நேரத்தில் போய்விடும். புது ரெசிஸ்டர் மலிவுதான், ஆனால் ஏன் அறுந்தது என்று பாருங்கள். அது ஃபேன் காற்றிலேயே குளிர்வது. காற்று அடைபட்டாலோ மோட்டார் புஷ் காய்ந்து அதிகக் கரன்ட் இழுத்தாலோ அடுத்ததும் போகும்.

அந்தக் காப்பு ஃப்யூஸுக்குக் குறுக்கே கம்பி வைத்து இணைப்பது கூடவே கூடாது. சிவக்கச் சூடாகும் சுருளுக்குப் பக்கத்தில் காய்ந்த இலை கிடக்கும் பெட்டி அது.

ரிலே போட்டால் காற்று கூடுமா?

ரிலே என்பது சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இணைக்கும் ஸ்விட்ச். வோல்டேஜ் இழப்பு இருந்தால் கூடும். இழப்பே இல்லாத வண்டியில் ரிலே போட்டு ஒரு பயனும் இல்லை. முதலில் உங்கள் வண்டியின் ஸ்விட்ச் பாஸிட்டிவ் பக்கமா நெகட்டிவ் பக்கமா என்று உறுதி செய்யுங்கள். மோட்டார் கனெக்டரைக் கழற்றாமல், சாவியை ஆன் செய்து, தேர்வு லீவரை வென்ட்டில் வைத்து, ஃபேன் வேகத்தை மாற்றிக்கொண்டே இரண்டு முனைகளையும் அளங்கள். எந்த வேகத்திலும் ஒரு கம்பி எர்த்தாகவே இருந்தால் ஸ்விட்ச் பாஸிட்டிவ் பக்கம். எந்த வேகத்திலும் ஒரு கம்பியில் 12 வோல்ட் நின்றுகொண்டே இருந்தால் ஸ்விட்ச் நெகட்டிவ் பக்கம்.

பாஸிட்டிவ் பக்கம் என்றால், ஸ்விட்சிலிருந்து மோட்டாருக்கு நேரே வரும் உச்ச வேகக் கம்பியைப் பிரித்து ரிலேயின் 86 எண் முனைக்குக் கொடுத்து, 85-ஐ எர்த் செய்யுங்கள். ஃபெண்டரில் இருக்கும் ஸ்டார்ட்டர் ரிலேயின் பேட்டரி முனையிலிருந்து 10 கேஜ் கம்பியை 30 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 30 எண் முனைக்குக் கொண்டுவாருங்கள். 87 மோட்டாருக்கு. ஃப்யூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் நீண்டால் ஃப்யூஸுக்கு முன் உள்ள கம்பி பாதுகாப்பில்லாமல் கிடக்கும்.

நெகட்டிவ் பக்கம் என்றால் இரண்டு ரிலே. ஒன்று மோட்டாரின் பாஸிட்டிவுக்கு, பழைய பாஸிட்டிவ் கம்பி அதன் காயிலை மட்டும் இயக்கும். மற்றொன்று உச்ச வேகத்தில் மோட்டாரின் நெகட்டிவை நேரே எர்த்தோடு சேர்க்கும். அதன் காயிலின் ஒரு முனைக்குச் சாவி-ஆன் 12 வோல்ட், மறு முனைக்கு ஸ்விட்சின் உச்ச வேகக் கம்பி. 40 ஆம்பியர் ரிலே இரண்டுக்கும் போதும்.

எந்த நிலையில் வைத்தாலும் காற்று முன் கண்ணாடிக்கே போகிறது. காலுக்கு வருவதில்லை.

வாக்குவம் இல்லை. இந்த வண்டிகளில் காற்றைத் திருப்பும் கதவுகளை எஞ்சின் வாக்குவம், அதாவது எஞ்சினின் உறிஞ்சு விசை, இழுக்கிறது. வாக்குவம் போனால், கண்ணாடி பனிபடராமல் இருக்கட்டும் என்று எல்லாக் காற்றும் டிஃப்ராஸ்ட்டுக்குப் போகும்படி வேண்டுமென்றே வடிவமைத்திருக்கிறார்கள். மேட்டில் ஏறும்போது மட்டும் காற்று கண்ணாடிக்கு ஓடிவிட்டு, சமதளத்தில் திரும்புகிறது என்றால் வாக்குவம் சேமிக்கும் டப்பா அல்லது அதன் ஒருவழி வால்வு கசிகிறது.

அந்தச் சேமிப்பு டப்பா எஞ்சின் அறையின் வலது பக்கம் இருக்கும். பழைய வண்டிகளில் காப்பிப் பொடி டின் அளவுத் தகர டப்பா, அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுவது அதற்குப் பழக்கம். கைப் பம்ப்பால் 15 முதல் 20 அங்குல பாதரச அளவு வாக்குவம் இழுத்துப் பாருங்கள், முள் சில நிமிடமாவது இறங்காமல் நிற்க வேண்டும். டப்பா நன்றாக இருந்தால் அங்கிருந்து கேபினுக்குப் போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைத் தடவிக்கொண்டே போங்கள். பேட்டரி தட்டுக்குப் பக்கத்திலும் சூடான இடங்களிலும் அது நொறுங்கியிருக்கும். அடுத்து டேஷ்போர்டுக்குள் கதவுகளை இழுக்கும் ரப்பர் டயஃப்ரம்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பம்ப் வைத்தால் கிழிந்தது எது என்று தெரிந்துவிடும்.

டீசல் எஞ்சின் உள்ள எஃப்-250 என்றால் வாக்குவத்துக்குத் தனிப் பம்ப் இருக்கும். அதையும் பாருங்கள்.

வென்ட்டிலிருந்து கறுப்புப் பஞ்சுத் துணுக்குகள் பறக்கின்றன.

கதவுகளின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஃபோம் மக்கிவிட்டது. கதவு மூடினாலும் ஓரம் முழுக்கக் காற்று கசிந்து, காலுக்குப் போக வேண்டியது பாதி வேறு வழியில் போகும். ஃபுளோர் நிலையில் கொஞ்சம் காற்று கண்ணாடிக்கு வருவது வடிவமைப்பிலேயே உண்டு. இரண்டும் சரிபாதியாக வந்தால்தான் கோளாறு.

குளோவ் பாக்ஸைக் கழற்றி, கைக்கு எட்டும் கதவுகளில் பழைய ஃபோமைச் சுரண்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 3 மில்லிமீட்டர் மூடிய துளை ஃபோம் நாடா ஒட்டுங்கள். தடிமன் கூடினால் கதவு முழுதாக மூடாது. ஒட்டிய பிறகு கதவைக் கையால் இரு எல்லைக்கும் அசைத்துப் பாருங்கள். அப்படியே வெப்பநிலை லீவரின் கேபிளையும் கவனியுங்கள்: லீவர் எல்லைக்கு வந்தும் பிளெண்ட் கதவு முழுதாகத் திரும்பவில்லை என்றால் கிளிப் வழுக்கியிருக்கிறது. காலுக்குப் போகும் குழாய் பெட்டியிலிருந்து கழன்று தொங்குகிறதா என்றும் அங்கேயே குனிந்து பார்த்துவிடலாம், பல வண்டிகளில் கோளாறே அதுதான்.

ஹீட்டர் கோர் அடைத்தால் காற்று குறையுமா?

உள்ளே கூலன்ட் வழி அடைத்தால் சூடுதான் குறையும், காற்று குறையாது. கோருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள்: ஒன்று சுட்டு மற்றொன்று வெதுவெதுப்பாக இருந்தால் உள் அடைப்பு. எஞ்சின் ஆறிய பிறகு தோட்டக் குழாயால் இரு திசையிலும் மெல்லிய அழுத்தத்தில் அலசலாம். குழாயை முழுக்கத் திறந்துவிட்டால் பழைய கோர் வெடித்துவிடும். அலசிய கூலன்ட்டைப் பாத்திரத்தில் பிடியுங்கள், அதன் இனிப்புக்கு நாயும் பூனையும் நக்கிச் சாகும்.

வெளிப்பக்கம் தகடுகளில் குப்பை அப்பினால்தான் காற்று குறையும். இந்த வண்டிகளில் டேஷ்போர்டு முழுவதையும் கழற்றத் தேவையில்லை என்பது பெரிய ஆறுதல். குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் உள்ள மூடியின் ஸ்க்ரூக்களை எடுத்தால் கோர் தெரியும், குழாய்களைக் கழற்றினால் வெளியே வந்துவிடும்.

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினால் காற்று கூடுகிறது. இது என்ன?

உள்ளே வந்த காற்று வெளியேற வழி இல்லை. கேபினின் வெளியேற்றத் துளைகளைப் புதுக் கம்பளமோ, சத்தம் குறைக்க ஒட்டிய தடுப்பு ஷீட்டோ, ஸ்பீக்கர் பெட்டியோ மூடியிருக்கும். அவற்றை விலக்குங்கள். கண்ணாடியில் ஆவி படிவதும் அதோடு குறையும்.

இன்னும் பெரிய மோட்டார் அல்லது இடையில் துணை ஃபேன் வைக்கலாமா?

பரிந்துரைக்க மாட்டோம். குழாயின் அகலமும் கோரின் தடையும் மாறாதபோது பெரிய மோட்டார் தருவது கூடுதல் சத்தமும் சூடான ஸ்விட்சும்தான். ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலே அது கேட்கும் மின்சக்தி வேகத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறும், 10 சதவீதம் கூடுதல் வேகத்துக்கு ஏறக்குறைய 33 சதவீதம் கூடுதல் சக்தி. படகு பில்ஜ் ஃபேனைக் குழாயில் செருகுபவர்கள் உண்டு. அது நின்றுபோன நாளில் அதுவே ஒரு அடைப்பு.

குப்பை மறுபடி வராமல் வலை போடலாமா?

போடலாம், சரியான வலை என்றால். கௌலுக்கு அடியில், வலது பக்கத் திறப்பின் மேல், 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கால்வனைஸ் கம்பி வலையை வெட்டி ஓரங்களை மடித்துப் பியூட்டைல் நாடாவால் ஒட்டுங்கள். எலி நுழையாது, இலையும் நிற்கும். கொசு வலை போடுவது பெரிய தவறு. ஒரே வாரத்தில் தூசியும் பனித்தூளும் அதை மூடி, நீங்கள் எந்தக் கோளாறுக்காக வேலையைத் தொடங்கினீர்களோ அதையே உண்டாக்கும். வீட்டு ஃபர்னஸ் ஃபில்டரை வெட்டி வைப்பதும் அப்படித்தான்: இந்த ஃபேன் ஃபில்டரின் தடையைக் கணக்கில் கொண்டு செய்யப்பட்டதல்ல, ஈரப்பனி பட்டால் அட்டை ஊறித் தொங்கும்.

வலையைக் கௌலுக்கு மேலே வைக்காமல் அடியில் வைப்பதற்குக் காரணம், மேலே வைத்தால் வைப்பர் தள்ளும் பனி அதில் உறைந்து பிடித்துக்கொள்ளும். இலையுதிர் காலம் முடிந்ததும் ஒருமுறை கையால் வழித்துவிட்டால் போதும்.

பனி கொட்டிய காலையில் மட்டும் காற்று வருவதில்லை. வண்டி ஓடி அரை மணியில் சரியாகிவிடுகிறது.

கௌல் மேல் பனி மூடியிருக்கிறது. கண்ணாடியை மட்டும் வழித்துவிட்டுக் கிளம்புபவர்களுக்கு வருவது இது. வலது முனைத் துளைகளைப் பிரஷ்ஷால் திறந்துவிட்ட பிறகே ஃபேனைப் போடுங்கள். இல்லாவிட்டால் தூள்பனியை உறிஞ்சி, அது எவாப்பரேட்டரில் ஈரமாகப் படிந்து, கண்ணாடியின் உள்பக்கம் ஆவியாக வந்து சேரும். முந்தின இரவு நிறுத்தும்போது கௌல் மேல் ஒரு தார்ப்பாய்த் துண்டைப் போட்டு, அதன் ஓரங்களைக் கதவில் செருகி வைத்தால் காலையில் இந்த வேலையும் மிச்சம்.